கூந்தலும் தலைக்கவசமும்

(குதிரையேற்றம் பயிலும் பெண்களும் அவர்களின் பெற்றோரும் கூடிய அவையில், சென்னையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டில் ஒரு பெண் பிள்ளை குதிரையேற்றம் கற்கப் போகிறாள் என்றதும் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. "தோளோடு வெட்டிவிடுங்கள், தொல்லை விட்டது" என்பது ஒரு கட்சி. இதில் பயிற்சியாளர்களும் சிலர் உண்டு. "இந்த முடியை வளர்க்க எத்தனை வருஷம் எண்ணெய் தேய்த்தேன் தெரியுமா? முடி போகும் என்றால் குதிரையே வேண்டாம்" என்று பாட்டி தலைமையில் இன்னொரு கட்சி. நடுவில் நிற்கும் பிள்ளைக்கு முடியும் வேண்டும், குதிரையும் வேண்டும். நான் அந்தப் பிள்ளையின் கட்சி. இடுப்பைத் தொடும் கூந்தலோடு பாதுகாப்பாகக் குதிரை ஓட்டலாம். அதற்கு ஒரு நிபந்தனைதான் உண்டு. ஹெல்மெட்டுக்குத் தக்கபடி முடி அடங்கியிருக்க வேண்டும். முடிக்கு இடம் கொடுத்து ஹெல்மெட் மேலே ஏறி உட்காரக் கூடாது. இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றியதுதான்.

முதலில் ஹெல்மெட்டைப் புரிந்துகொள்வோம். சேணத்தில் உட்கார்ந்ததும் உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. கீழே இருப்பது 400, 500 கிலோ எடையுள்ள, தானாக முடிவெடுத்து ஓடுகிற ஓர் உயிர். அது நல்ல குதிரையாக இருக்கலாம். ஆனால் காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் நல்ல குதிரையும் ஒதுங்கித் துள்ளும். அப்போது விழுந்தால் உங்களைக் காப்பது ஹெல்மெட்டின் வெளி ஓடு மட்டும் அல்ல. அதற்குள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் தெர்மாகோல் வகை நுரை ஒன்று இருக்கிறது. தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் கண நேரத்தில் மூளைக்குப் போகிற அதிர்ச்சி குறைகிறது. ஒரு முறை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. அதனால்தான் பலமாக விழுந்த ஹெல்மெட்டை, வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றச் சொல்கிறோம்.

இத்தனையும் நடக்க வேண்டுமானால், மோதுகிற அந்தக் கணத்தில் ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். நெற்றியை விட்டுப் பின்னால் சரிந்திருந்தால் நெற்றியில் அடி விழும். முன்னால் இறங்கிக் கண்ணை மறைத்தால், விழ வேண்டாத இடத்திலும் விழுவீர்கள். நீண்ட கூந்தல் கெடுப்பது இந்த இருப்பிடத்தைத்தான். முடி மரக்கிளையில் மாட்டிக்கொள்ளுமே என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அதுவும் நடக்கும். ஆனால் மாட்டாமல், இழுபடாமல், பார்வைக்கு ஒழுங்காக இருக்கிற கொண்டையே ஹெல்மெட்டைத் தூக்கி நிறுத்திவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத ஆபத்து.

மைதானத்தில் அடிக்கடி காண்பதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு வருகிறாள். அதன் மேல் ஹெல்மெட்டை அமுக்கி மாட்டுகிறாள். தாடைப் பட்டையை இழுத்து மாட்டியதும் ஆட்டமில்லாமல் இருப்பதுபோல் இருக்கிறது. வாக் (நடை), டிராட் (துள்ளுநடை) வரைக்கும் ஒன்றும் தெரியாது. டிராட்டில் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து, கொண்டைக்குள் இருக்கிற காற்றெல்லாம் வெளியே போகிறது. வியர்வையில் முடி படிகிறது. கொண்டை ஒரு பக்கமாக நழுவுகிறது. அரை மணி நேரம் கழித்துக் கேண்டரில் (மெது ஓட்டத்தில்) போகச் சொன்னால், ஹெல்மெட் புருவத்தின் மேல் தட்டித் தட்டி ஆடுகிறது. பிள்ளை ஒரு கையால் லகானைப் பிடித்து, மறு கையால் ஹெல்மெட்டைத் தூக்கிவிடுகிறாள். அந்த ஒரு கை விட்ட நேரத்தில் குதிரை வேலி ஓரமாக ஒதுங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஏறும்போது இறுக்கமாக இருந்த ஹெல்மெட் இறங்கும்போது அளவு பெரிதான ஹெல்மெட்டாகிவிட்டது. கடைக்காரர் தவறான அளவு கொடுக்கவில்லை. தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இருந்த முடி படிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் விதி: ஹெல்மெட் வாங்கப் போகும்போது, எந்தப் பின்னலோடு குதிரை ஏறுவீர்களோ அதே பின்னலோடு கடைக்குப் போங்கள். தலையை விரித்துக்கொண்டு போய் அளவெடுத்துவிட்டு, மைதானத்தில் கொண்டை போடுவது ஆகாது. மாற்றிச் செய்வது இன்னும் மோசம். கொண்டைக்கு வாங்கிய ஹெல்மெட், பின்னலோடு வரும் நாளில் கழன்று சுற்றும். நம் ஊரில் இன்னொரு சங்கதி உண்டு. பழனிக்கோ திருப்பதிக்கோ போய் முடி இறக்கிவிட்டு வருகிற பிள்ளைகள் அடுத்த வகுப்பில் அதே ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள். மொட்டைத் தலைக்கு அது பெரிது. முடி இறக்கிய பிறகு ஹெல்மெட் அளவை மறுபடி பார்க்காமல் குதிரை ஏற்றாதீர்கள். முடி வளர வளர மீண்டும் பாருங்கள்.

அளவு சரியா என்று பார்ப்பதற்குக் கருவி ஏதும் வேண்டாம். ஹெல்மெட்டின் முன் விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு, தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாமல் ஹெல்மெட்டை இப்படியும் அப்படியும் அசையுங்கள். நெற்றித் தோலும் புருவமும் அதனோடு சேர்ந்து அசைந்தால் அளவு சரி. ஹெல்மெட் தனியாகச் சுற்றினால் பெரிது. பிறகு பட்டையை மாட்டிக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை யாரும் செய்வதில்லை. நீண்ட கூந்தல் உள்ளவர்களுக்கு இதுதான் உயிரான சோதனை. வேகமாகப் போகும்போதும் தாண்டும்போதும் உடம்பு முன்னால் சாய்கிறது. பார்வை நேராக இருக்க வேண்டுமானால் தலையைப் பின்னுக்கு நிமிர்த்தியாக வேண்டும். அந்த நேரத்தில் பின்கழுத்தில் இருக்கும் கொண்டை ஹெல்மெட்டின் பின்விளிம்பில் முட்டினால், ஹெல்மெட் முன்னால் தள்ளப்பட்டுக் கண்ணை மறைக்கும். அண்ணாந்து பார்க்கும்போது ஹெல்மெட் நகர்கிறதா, அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் பைக் ஹெல்மெட்டைக் கொண்டுவராதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாலும் அது சாலைக்குச் செய்தது; கனம் அதிகம், பக்கப் பார்வையை மறைக்கும். சைக்கிள் ஹெல்மெட்டும் ஆகாது, பின்தலையை அது போதுமான அளவு மூடுவதில்லை. குதிரையேற்றத்துக்கென்றே உள்ள தர எண்கள் இருக்கின்றன. அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, ஐரோப்பியத் தரம் ஈ.என். 1384. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எப்படித்தான் பின்னுவது?

இப்போது உங்கள் பின்தலையைத் தடவிப் பாருங்கள். மேடாக ஓர் எலும்பு தட்டுப்படும். ஹெல்மெட்டின் பின்பட்டை அந்த மேட்டுக்குக் கீழே போய்ப் பிடித்துக்கொண்டால்தான் ஹெல்மெட் முன்னால் கவிழாது. எனவே அந்த மேட்டிலும் அதற்கு மேலும் முடிச்சு, கொண்டை, குதிரைவால் எதுவும் கூடாது. முடி வழவழவென்று படிந்து கிடக்க வேண்டும். பின்னல் அதற்கும் கீழே, கழுத்தோரத்தில் தொடங்க வேண்டும்.

நீண்ட, அடர்ந்த கூந்தலுக்கு ஒற்றைப் பின்னலை நான் சொல்வதில்லை. மடித்தால் அது தடித்த முண்டாகிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போட்ட இரட்டைப் பின்னல்தான் சிறந்தது. நடு வகிடு எடுத்து, முடியை இரண்டாகப் பிரித்து, காதுக்குப் பின்னால் இல்லாமல் கழுத்துக்குப் பின்னால் இரண்டு பின்னலையும் தொடங்குங்கள். முதல் இரண்டு மடிப்பைத் தளர்வாகவும் தட்டையாகவும் விடுங்கள். அங்கே இறுக்கினால் முடிச்சு மேடாகும், தலைவலியும் வரும். நுனியில் துணி சுற்றிய ரப்பர் பேண்ட் போடுங்கள். பிறகு வலப் பின்னலை இடப் பக்கமும், இடப் பின்னலை வலப் பக்கமுமாகக் குறுக்கே கொண்டுபோய், நுனியை மற்றதன் அடியில் செருகி, இன்னும் இரண்டு பேண்டுகளால் கட்டுங்கள். கழுத்து அகலத்துக்குத் தட்டையான ஒரு பட்டை கிடைக்கும். அதன் மேல் கொண்டை வலையை மாட்டினால் சிலும்பும் முடியும் அடங்கிவிடும். பள்ளியில் செய்வதுபோல் மடித்து ரிப்பன் கட்டி வளையமாகத் தொங்க விட்டுவிடாதீர்கள். வளையமாக எது தொங்கினாலும் கிளையும் கொக்கியும் அதைத் தேடி வரும்.

முடி மெல்லியதாக இருந்தால் ஒற்றைப் பின்னலே போதும். அதைச் சட்டைக்குள் விடுவது பலரின் பழக்கம். வெறும் சட்டை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாடி புரொடெக்டர் என்ற காப்பு உடுப்பை அணிந்திருந்தால் அதற்கும் முதுகுக்கும் நடுவே பின்னலை விடாதீர்கள். முதுகெலும்பின் மேல் முடிச்சு முடிச்சாக ஒரு திரள் கிடக்க, அதன் மேல் விழுவதை என்னால் ஏற்க முடியாது. மடித்துக் கட்டிவிடுங்கள்.

ஹேர்பின், ஊக்கு, பற்கள் உள்ள கிளட்சர் கிளிப், கல் வைத்த ஸ்லைடு, இவற்றில் ஒன்றுகூட ஹெல்மெட்டுக்குள் போகக் கூடாது. நுரை நசுங்கும்போது அந்த அழுத்தம் தலைப் பரப்பு முழுவதும் பரவ வேண்டும். நடுவில் ஓர் உலோகப் பொருள் இருந்தால், அது அந்த அழுத்தத்தை ஒரே புள்ளியில் வாங்கி மண்டையில் இறக்கிவிடும். மல்லிகைப் பூவுக்கும் இதே தடைதான், காரணம் வேறு. நாரும் காம்பும் நழுவும், சில குதிரைகள் பூவை எட்டிக் கடிக்க வரும். வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் கம்மல், ஜிமிக்கி, துப்பட்டா மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நீண்ட கூந்தலோடு குதிரை ஓட்டியவர்களில் உலகம் அறிந்த பெண் ஒருத்தி உண்டு: ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத். 1837இல் பிறந்து 1898இல் ஜெனீவாவில் கொல்லப்பட்டவர். அவருடைய கூந்தல் முழங்காலுக்கும் கீழே தொங்கியது. அதைச் சீவி முடிக்கத் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முட்டையும் கோன்யாக் மதுவும் கலந்து தலை கழுவும் நாளில் வேறு எந்த வேலையும் கிடையாது. வியன்னாவில் நாடக அரங்கொன்றில் சிகை அலங்காரம் செய்துகொண்டிருந்த ஃபான்னி என்ற பெண்ணை இதற்கென்றே அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். முடி சீவுகிற நேரத்தில் பேரரசி கிரேக்க மொழி படித்தார். சீப்பில் எத்தனை முடி உதிர்ந்தது என்று பார்த்துக் கவலைப்படுவார் என்பதால், உதிர்ந்த முடியைத் தன் மேலங்கிக்குள் ஒட்டவைத்து மறைப்பாராம் ஃபான்னி. கூந்தலின் பாரத்தால் பேரரசிக்குத் தலைவலி வரும். நாடாக்களால் பின்னல்களை மேலே தூக்கிக் கட்டி, பாரத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதே பெண்தான் 1876இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயருக்கு வந்து நரி வேட்டைக் குதிரைகளில் ஏறினார். பிறகு அயர்லாந்துக்கும் போனார். ஒரு பக்கமாகக் கால்களை வைத்து உட்காரும் சேணத்தில், வேலியும் ஓடையும் தாண்டி, ஆண்களில் பலர் பின்தங்கிவிட முன்னால் போனவர். அவருக்கு வழிகாட்டியாக முன்னால் குதிரை ஓட்டிய பே மிடில்டன் என்ற ராணுவ கேப்டன் அந்நாளில் பெயர் பெற்ற குதிரை வீரர். அவரே 1892இல் ஒரு தடைப் பந்தயத்தில் விழுந்து இறந்தார். ஓவியர் வின்டர்ஹால்டர் 1865இல் வரைந்த ஓவியத்தில் பேரரசியின் கூந்தலில் வைர நட்சத்திரங்கள் மின்னுகின்றன. குதிரை மேல் இருக்கும் படங்களைப் பாருங்கள். நட்சத்திரமும் இல்லை, தொங்கும் சுருளும் இல்லை. அத்தனை கூந்தலும் இறுகப் பின்னப்பட்டு அடங்கியிருக்கிறது. அந்தக் கூந்தலை அடக்க முடிந்ததென்றால் உங்களுடையதையும் அடக்கலாம். அவருக்கு வாய்க்காதது ஒன்று உங்களுக்கு வாய்த்திருக்கிறது. அவர் தலையில் இருந்தது வெறும் தொப்பி. மிடில்டனுக்கும் அந்தக் காலத்தில் இன்றைய ஹெல்மெட் இல்லை.

ஒரு பக்கச் சேணத்தில் ஏறும் மரபு இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறது. அங்கே பின்கழுத்தில் தாழ்ந்த கொண்டை வைப்பது உடை ஒழுங்கில் சேர்ந்தது. குட்டை முடிக்காரர்கள் சவுரிக் கொண்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மெக்ஸிகோவில் எஸ்கரமூசா என்ற பெண்கள் குதிரை அணி ஆட்டத்திலும் முடியைப் பின்னால் தாழக் கட்டி ரிப்பன் முடிவார்கள். அமெரிக்காவின் ஹண்டர் என்ற குதிரையேற்றப் போட்டிகளில் வேறு வழக்கம். முடியைக் காதின் மேல் இறக்கி, பின் மேலே வாரி, வலைக்குள் தட்டையாகப் பரப்பி ஹெல்மெட்டுக்குள் அடைப்பார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குச் சற்றுப் பெரிய ஹெல்மெட் தேவைப்படுகிறது, பயிற்சி நாளில் பின்னலோடு அதே ஹெல்மெட்டை மாட்டினால் ஆடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் போட்டிக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மோஸ்தர் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. நடுவர் தரும் அரை மதிப்பெண்ணைவிடப் பிள்ளையின் தலை பெரிது.

அழகுக்கும் பாதுகாப்புக்கும் இடையே இந்த இழுபறி பெரிய மைதானங்களிலும் நெடுங்காலம் நடந்தது. குதிரையின் நடை நேர்த்திக்கு மதிப்பெண் தரும் டிரஸாஜ் போட்டியில் உயரமான பட்டுத் தொப்பிதான் கௌரவம் என்று கருதினார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக இறங்கிய கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச் 3 அன்று ஃப்ளோரிடாவில் பயிற்சியின்போது குதிரை தடுக்கி விழுந்ததில் தலையில் அடிபட்டு, வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். அன்று அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. நடக்கவும் பேசவும் மறுபடி கற்றுக்கொண்டு, ஹெல்மெட் அணியச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். 2021 ஜனவரி முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரஸாஜ் போட்டிகளிலும் பாதுகாப்பு ஹெல்மெட் கட்டாயமாகிவிட்டது. பட்டுத் தொப்பியை விட மனமில்லாதவர்களும் விட்டார்கள். உச்சிக் கொண்டையை விடுவது அதைவிடக் கடினமா என்ன?

குதிரை மேல் ஏறும் முன்பே முடியைக் கட்டிவிடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலர் லாயத்தில் விரித்த முடியோடு வேலை செய்துவிட்டு, ஏறும் நேரத்தில்தான் பின்னுகிறார்கள். குளம்பு சுத்தம் செய்யக் குனிந்தால் பின்னல் தோளிலிருந்து வழுக்கி முன்னால் விழுகிறது. நீங்கள் குளம்பைக் கீழே விடும்போது பின்னல் நுனி அதன் அடியில் கிடக்கலாம். கடிவாளம் மாட்டும்போது கொக்கியில் சிக்கும். சும்மா நிற்கிற குதிரை தோளில் தொங்கும் முடியை வைக்கோல் போலக் கவ்வி இழுக்கும், அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. சிக்கிக்கொண்டால் திமிறாதீர்கள், கத்தாதீர்கள். குதிரை மிரண்டு தலையைத் தூக்கினால் உங்களையும் சேர்த்துத் தூக்கும். அதன் தலையோடு நீங்களும் போய், பக்கத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணனைக் கூப்பிடுங்கள்.

அம்மாக்கள் எப்போதும் கேட்கும் எண்ணெய்க் கேள்விக்கு வருகிறேன். எண்ணெய் தேய்த்த தலையோடு வகுப்புக்கு அனுப்பாதீர்கள். பின்னல் நழுவும், உள்துணி ஊறிப் பிசுபிசுக்கும், நெற்றியில் வழிந்து கண் எரியும். வகுப்பு முடிந்து தலை குளித்த பிறகு தேய்த்துவிடுங்கள். ஈர முடியை அப்படியே பின்னி ஹெல்மெட்டுக்குள் அடைக்கவும் வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் அது நாள் முழுக்கக் காயாது. அரிப்பும் பொடுகும் வரலாம். வீட்டுக்குப் போனதும் பின்னலை அவிழ்த்து வேரில் காற்றுப் பட விடுங்கள். ஒரே இடத்தில் தினமும் இறுக்கி இழுத்தால் நெற்றியோரத்திலும் வகிட்டிலும் முடி உதிரும். அதனால் இறுக்கம் வலையில் இருக்கட்டும், வேரில் வேண்டாம்.

பயிற்சிப் பள்ளிகளில் பொது ஹெல்மெட் இருக்கும். ஒருவர் கழற்றியதை அடுத்தவர் மாட்டுவார். பேன் பரவலாம். இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரும். மெல்லிய பருத்திக் குல்லாய் ஒன்றைத் தைத்து, தினமும் துவைத்து, ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குல்லாயோடு அளவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வசதி வந்ததும் பிள்ளைக்கென்று சொந்த ஹெல்மெட் வாங்குங்கள். சேணம், பூட்ஸ், நல்ல பேன்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீளமாக முடி வளர்த்திருக்கும் தம்பிகளே, இதெல்லாம் அக்காக்களுக்குச் சொன்னது என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்கள் உச்சிக் குடுமியும் ஹெல்மெட்டைத் தூக்கும்.

கடைசியாகப் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பு தொடங்கும் முன் வயிற்று வாரைச் சோதிக்கிறீர்கள், அங்கவடியின் நீளத்தைப் பார்க்கிறீர்கள். அப்படியே ஒவ்வொரு பிள்ளையையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லி, ஹெல்மெட் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் பின்னல் சரியாகும் வரை ஏற்றாதீர்கள். முடியை வெட்டச் சொல்லி ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள். திருப்பி அனுப்பப்படும் பெண் பிள்ளைகளில் பலர் மறுபடி வராமலே போய்விடலாம்.

இனி பேச்சு போதும், செய்து பார்ப்போம். ஹெல்மெட் கொண்டுவந்திருக்கும் பிள்ளைகளில் நீண்ட கூந்தல் உள்ள இரண்டு பேர் மேடைக்கு வாருங்கள். உங்கள் அம்மாக்களும் கூடவே வரட்டும். பின்னுவது அவர்கள், பார்த்துச் சொல்வது நான். சீப்பும் வலையும் ரப்பர் பேண்டும் இங்கே மேசையில் இருக்கின்றன.